புதுச் சைக்கிளின் பிறேம் கோணலா? முதலில் சில்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: ஒன்பது கிழமைக்கு முன்பு கொழும்பில் ஒரு கடையில் புது றோட் பைக் வாங்கினேன். இரண்டு வருடம் சேர்த்த காசு. அலுமினியம் பிறேம், கார்பன் போக் (முன்சில்லைப் பிடிக்கும் கவை), றிம் பிறேக். பின்சில்லு நடுவில் இல்லை. றிம்முக்கும் பின்குழாய்க்கும் இடையில் வலப்பக்கம் 5 மி.மீ., இடப்பக்கம் 9 மி.மீ. இருக்கிறது. கையை விட்டு ஓடினால் இடப்பக்கம் இழுக்கிறது. எழும்பி நின்று மிதித்தால் 'டிக், டிக்' என்று சத்தம். போன கிழமை கழுவும்போது கீழ்க்குழாயின் அடியில், ஹெட் குழாயோடு (ஹான்டிலுக்குக் கீழே இருக்கும் முன்குழாய்) சேரும் இடத்தில், மயிர் போல ஒரு கோடு கண்டேன். கடையில் காட்டினால், "புதுச் சைக்கிள் அப்படித்தான், ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். அழுத்திக் கேட்டதும், "விட்டுவிட்டுப் போங்கள், எங்கள் மெக்கானிக் பாஸ் நெம்பி நேராக்கித் தருவார்" என்கிறார்கள். கொடுக்கலாமா? பிறேமில்தான் பிழை என்று எப்படி நிரூபிப்பது? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தம்பி, கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைப்போம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள். அலுமினியம் பிறேமை யாரும் நெம்பக் கூடாது. அதோடு, அந்தக் கோடு என்னவென்று தெரியும்வரை சைக்கிளை வீட்டில் நிறுத்தி வையுங்கள்.

நெம்பி நேராக்குவது என்பது அந்தப் பாஸ் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. நான் தொழில் பழகியதே அதில்தான். யாழ்ப்பாணத்தில் மாமாவின் கடைக்கு 90களில் வந்ததெல்லாம் இரும்புச் சைக்கிள்: றலி, ஹம்பர், லுமாலா. பெற்றோலைக் கண்ணில் காணாத காலம். கரியரில் விறகு, அதற்கு மேல் மூட்டை, பாரில் பிள்ளை என்று ஓடிய வண்டிகள். பிறேம் வளைந்து வந்தால் மாமா அதைத் தென்னங்குற்றியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். பின்குழாய்களுக்கு இடையில் சாக்குச் சுற்றிய அலவாங்கைக் கொடுத்து ஒரு நெம்பு. நூல் பிடித்துப் பார்ப்பார். இன்னொரு நெம்பு. பீடி ஒன்று முடிவதற்குள் வேலை முடிந்துவிடும், சைக்கிளும் இன்னும் பத்து வருடம் ஓடும். இரும்பு அதைத் தாங்கும்.

அலுமினியம் தாங்காது. வெல்டிங் சூட்டில் அது இளகிப் பலம் குறையும். அதனால் வெல்டிங் முடிந்த பிறகு முழுப் பிறேமையும் சூளையில் வைத்துப் பதம் ஏற்றித்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். பதம் ஏறிய குழாயை நெம்பினால் வெளியே நேராகத் தெரியும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தொடங்கும். இரும்புக்கு ஒரு கணக்கு உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட பாரத்தை எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் அது களைக்காது. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்னப் பாரமும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். எங்கோ நெம்பி நேராக்கிய அலுமினியம் பிறேம் ஒன்று எட்டு மாதம் கழித்து என் மேசைக்கு வந்தது. வலப்பக்க அச்சு வெட்டுக்கு (பின்சில்லின் அச்சு உட்காரும் பள்ளம்) இரண்டு விரற்கடை முன்னால், பென்சிலால் கீறியது போல் சுற்றிவரக் கோடு. சில்லைக் கழற்றியதும் குழாய் இரண்டாகக் கையில் வந்தது. வாறன்டி கேட்டுப் போனவருக்குக் கிடைத்த பதில் ஒரே வரி: நெம்பிய அடையாளம் இருக்கிறது. உங்கள் பிறேம் உண்மையிலேயே கோணலாக இருந்தாலும், பாஸின் கை பட்ட பிறகு அது கம்பனியின் பிழை இல்லை, உங்கள் பிழை.

சரி, உண்மையில் கோணலா? உங்கள் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறது. நான்கையும் ஒரே நோய் என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

முதலில் அந்த 5, 9 கணக்கு. வித்தியாசம் 4 மி.மீ. என்றால் றிம் 4 மி.மீ. விலகியிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் 7 வந்திருக்கும். ஆகவே விலகல் 2 மி.மீ.தான். இதைச் சரியாகச் சொல்லாமல் "நாலு மில்லிமீற்றர் கோணல்" என்று கடையில் போய் நின்றால், அவர்கள் அளந்து காட்டி உங்களை வாயடைக்கச் செய்துவிடுவார்கள். இன்னொன்று, அளப்பது றிம்மிலிருந்து, ரயரிலிருந்து அல்ல. ரயர் றிம்மில் ஒரே சீராக உட்காராமல் இருக்கலாம்.

இந்த 2 மி.மீ. சில்லின் பிழையா, பிறேமின் பிழையா என்பதை அறிய ஐந்து சதம் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சைக்கிளை நிலத்தில் நேராக நிறுத்தி, பின்சில்லின் குயிக் ரிலீஸ் லீவரை (அச்சை இறுக்கும் கைப்பிடி) தளர்த்தி, சீற்றில் கையை வைத்து அமத்துங்கள். அச்சு வெட்டின் அடிவரை போய் உட்கார்ந்ததும் திரும்ப இறுக்கி அளவுங்கள். சில நேரம் இதிலேயே கதை முடிந்துவிடும். புதுச் சைக்கிள்களில் அச்சு வெட்டுக்குள் பெயின்ற் கட்டியாய் நின்று, ஒரு பக்க அச்சை உட்கார விடாமல் தடுப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

அப்படியும் 5, 9 என்றே வந்தால், சில்லைக் கழற்றி, செயினை ஒதுக்கி வைத்துவிட்டு, இடம் வலம் மாற்றித் திருப்பிப் போடுங்கள். பற்சக்கரங்கள் இப்போது இடப்பக்கம் வரும். ஓடுவதற்கு அல்ல, அளப்பதற்கு மட்டும். வலப்பக்கம் ஒடுக்கமாக இருந்தது இப்போது இடப்பக்கம் ஒடுக்கமாகிவிட்டதா? பிழை சில்லோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது, ஆகவே பிழை சில்லில். திருப்பிப் போட்ட பிறகும் வலப்பக்கமே ஒடுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் சில்லு சுத்தவாளி, பிறேமைத்தான் விசாரிக்க வேண்டும்.

நான் பந்தயம் கட்டுவதென்றால் சில்லில்தான் கட்டுவேன். காரணம் இருக்கிறது. பின்சில்லின் வலப்பக்கம் பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டும். அதனால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக, மிக இறுக்கமாக நிற்கும். இடப்பக்கக் கம்பிகளில் இழுவை எப்போதும் குறைவு. இயந்திரத்தில் கோத்த புதுச் சில்லு சில நூறு கிலோமீற்றர் ஓடி இருப்புக்கு வரும்போது, முதலில் தளர்வது அந்த இடப்பக்கம்தான். தளர்ந்தால் றிம் எந்தப் பக்கம் போகும்? வலப்பக்கம். உங்கள் றிம்மும் வலப்பக்கம்தான் போயிருக்கிறது. இடப்பக்கக் கம்பிகளை விரலால் இரண்டிரண்டாகச் சேர்த்து அமத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு மற்றதைவிடத் தொளதொளவென்று இருந்தால் என் ஊகம் சரி. இடப்பக்க நிப்பிள்களை (கம்பியை றிம்மோடு இறுக்கும் சின்ன நட்டுகள்) கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி றிம்மை நடுவுக்கு எடுப்பது சில்லுக்கட்டத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. இதைக் கடை இலவசமாகவே செய்துதர வேண்டும்.

சில்லு சுத்தவாளி என்று வந்தால் நூல் பிடியுங்கள். மேசன்மார் மட்டம் பிடிக்கும் நூல் போதும். பின்சில்லைக் கழற்றிவிட்டு, வலப்பக்க அச்சு வெட்டில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் குழாயைச் சுற்றி, இடப்பக்க அச்சு வெட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். கேபிளிலோ போத்தல் கூட்டிலோ நூல் முட்டக் கூடாது. சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு பக்கமும் அளவுங்கள். 1 மி.மீ. வரை வித்தியாசம் வந்தால் மறந்துவிடுங்கள், நீங்கள் ரூலர் பிடித்த கைக்கே அவ்வளவு ஆட்டம் இருக்கும். 2 மி.மீ.யைத் தாண்டினால் கடைக்காரரோடு கதைக்க விஷயம் இருக்கிறது. மூன்று தடவை அளந்து மூன்றையும் எழுதி வையுங்கள். அச்சு வெட்டுகளின் இடைவெளியையும் உள்பக்கமாக அளந்து குறியுங்கள். இந்த வகை றிம் பிறேக் றோட் பைக்கில் அது 130 மி.மீ. இருக்க வேண்டும். றிம்மிலிருந்து பின்குழாய்க்கு அளந்ததை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். செயின் பக்கக் குழாயை வேண்டுமென்றே வேறு வடிவில் செய்யும் கம்பனிகளும் உண்டு.

இடப்பக்கம் இழுப்பதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நம் வீதிகள் மழைத் தண்ணீர் ஓட நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்தவை. நாமோ இடப்பக்கத்தால் ஓடுகிறோம். காலி வீதியில் (கோல் றோட்டில்) கையை விட்டால் எந்தச் சைக்கிளும் இடப்பக்கம்தான் போகும். (காலி வீதியில் கையை விட்டு ஓடுவதைப் பற்றி வேறாகக் கதைக்க வேண்டும்.) கோடு என்னவென்று தெளிவான பிறகு, ஞாயிறு காலையில் வாகனம் இல்லாத தட்டையான கார் பார்க் ஒன்றில் மெதுவாக ஓடிப் பாருங்கள். ஒரு திசையில் ஓடி, அதே கோட்டில் திரும்பி வாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் நிலத்தின் சரிவு. போகும்போதும் வரும்போதும் இடப்பக்கமே என்றால் முன்சில்லு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஹெட்செற் (ஹான்டில் திரும்பும் பெயாரிங்) இறுகிப்போய் இருக்கிறதா, போக்கின் இரண்டு கால்களும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று அந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

'டிக், டிக்' சத்தம் பிறேமிலிருந்து வருவது அபூர்வம். பெடலின் மரை, சீற் தண்டு, செயின் வட்டின் ஆணிகள், பொட்டம் பிராக்கற் (பெடல் அச்சு சுழலும் கூடு), குயிக் ரிலீஸ் லீவர் என்று சந்தேகப்பட வேண்டியவர்கள் நிறைய. நீங்கள் மரீன் டிறைவ் பக்கம் ஓடுகிறவர் என்றால் கடற்காற்றின் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெடலைக் கழற்றிக் கிறீஸ் போட்டாலே பாதிச் சத்தங்கள் போய்விடும். இடப்பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதை மறந்து மரையை அரைத்துவிடாதீர்கள்.

இனி அந்தக் கோடு. எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். கீழ்க்குழாய் ஹெட் குழாயோடு சேரும் அடிப்பக்கம் சும்மா ஓர் இடம் அல்ல. ஒவ்வொரு பள்ளத்திலும் முன்சில்லு வாங்கும் அடி போக் வழியாக வந்து அங்கேதான் குழாயை இழுக்கிறது. பின்குழாய் வெடித்தால் சைக்கிள் ஆட்டம் காட்டி எச்சரிக்கும். ஹெட் குழாய் விட்டுப்போனால் ஹான்டில் உங்கள் கையில் இருக்கும், சைக்கிள் உங்களுக்குக் கீழே இருக்காது. 'கோட்டின் இரண்டு நுனியிலும் பேனையால் அடையாளம் வைத்து, ஓடி, நீளுகிறதா என்று பாருங்கள்' என்று சிலர் சொல்வார்கள். வேறு இடத்துக் கோடாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இந்த இடத்துக்குச் சொல்ல மாட்டேன்.

ஓடாமலே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, பிறகு சேர்ஜிகல் ஸ்பிரிற் தொட்ட துணியால் துடையுங்கள். அழுக்குக் கோடு என்றால் அதோடு போய்விடும். போகாவிட்டால் இருட்டறையில் போனின் லைற்றைக் குழாயோடு ஒட்டிச் சரிவாகப் பிடியுங்கள். நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கோடு வெல்டிங்கின் ஓரத்தோடு சேர்ந்து, குழாயைக் குறுக்கே சுற்றிப் போகிறதா? நல்லதில்லை. குழாயின் நீளவாக்கில் ஓடுகிறதா, கேபிள் உரசும் இடத்தில் இருக்கிறதா? அநேகமாகக் கீறல். நகத்தை மெதுவாக ஓடவிடுங்கள். பெயின்ற் மட்டும் வெடித்திருந்தால் நகம் வழுக்கிப் போகும், அல்லது சிலும்பு போல் மெல்லிய ஓரம் தட்டுப்படும். உலோகம் வெடித்திருந்தால் பெரும்பாலும் நகம் விழுந்து எழும்பும். பஞ்சுத் துண்டை இழுத்தாலும் இழை சிக்கும். அலுமினியம் செங்கறள் பிடிக்காது. ஆகவே கறள் இல்லை என்பதால் வெடிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். கோட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெயின்ற்றைச் சுரண்டிப் பார்க்க ஆசை வரும். சுரண்டாதீர்கள், கம்பனியின் கண்ணுக்கு அதுவும் நெம்பியது மாதிரித்தான். சந்தேகம் தீராவிட்டால் கம்பனியின் சம்மதத்தோடு சாய ஊடுருவல் சோதனை செய்யலாம். சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் வெடிப்புக்குள் இறங்கிய சாயம் இரத்தக்கோடு போல் மேலே வரும். எஞ்சின் பாகங்களுக்கு இதைச் செய்யும் வேர்க்‌ஷொப்கள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் பெயின்ற்றை எடுத்தால்தான் முடியும். அதனால்தான் சம்மதம் வேண்டும் என்றேன், எழுத்தில்.

"புதுப் பிறேம் எங்கேயாவது வெடிக்குமா?" என்று கடையில் கேட்பார்கள். சைக்கிளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 4210. அதன்படி றோட் பைக் பிறேமுக்கு 1,100 நியூட்டன் விசையை, ஏறக்குறைய 110 கிலோ ஆள் பெடலில் ஏறி நிற்பது போல், 1,00,000 தடவை மாறி மாறிக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். நல்ல சோதனைதான். ஆனால் சோதிக்கப்பட்டது உங்கள் பிறேம் இல்லை, அதன் மாதிரி. ஆயிரத்தில் ஒரு வெல்டிங்கில் பிழை விட்டிருந்தால் அந்த ஒன்றை வாங்கியவருக்குச் சோதனைத் தாள் உதவாது. வெல்டிங் பிழை முதல் மாதங்களிலேயே காட்டிவிடலாம்.

"ஓட ஓடச் சரிவரும்" என்பதில் ஒரு சொட்டு உண்மை உண்டு. கியர் கேபிள் இருப்புக்கு வரும், அதற்காகத்தான் முதல் சேர்விஸ். ஓட ஓடச் சரிவருவது செருப்பு. வெடிப்பு ஓட ஓட நீளத்தான் செய்யும்.

இப்போது நாள் கணக்கு. நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் என் வாடிக்கையாளர்களோடு அலைந்து தெரிந்துகொண்டது இது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கி ஒன்பது கிழமை. கையில் இருப்பது நான்கு கிழமை. கடை "அடுத்த கிழமை பார்ப்போம், கம்பனிக்கு அறிவித்திருக்கிறோம்" என்று நான்கு தடவை சொன்னால் அந்தக் கதவு மூடிவிடும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இதைத் தவிர 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. பழசு என்றாலும் உயிரோடு இருக்கும் சட்டம். விற்ற பொருள் அதன் பாவனைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. ஆனால் வாங்கும்போது நீங்கள் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு அது கை கொடுக்காது. ஆகவே கோட்டை முதலில் கண்ட நாள் எது என்று தெளிவாக எழுதுங்கள்.

கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், பொட்டம் பிராக்கற்றின் அடியில் குத்தியிருக்கும் பிறேம் இலக்கம், நீங்கள் எடுத்த அளவுகள், கோட்டுக்குப் பக்கத்தில் ரூலர் வைத்து எடுத்த படங்கள். "ஏமாற்றிவிட்டீர்கள்" போன்ற சொல் ஒன்றும் வேண்டாம். "கம்பனியின் வாறன்டிப் பிரிவுக்கு இதை அனுப்பி, எழுத்தில் பதில் பெற்றுத் தாருங்கள்" என்று கேளுங்கள். ஒரு பிரதியில் கடை முத்திரையும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டு தராமல் விற்றிருந்தால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. சைக்கிளை அங்கே விடுவதானால் "பரிசோதனைக்கு மட்டும், வளைக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது" என்று சீட்டில் எழுதுவித்து விடுங்கள்.

கடைக்காரரைப் பகைக்க வேண்டியதில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த கொழும்பு, டாம் வீதியில் கண்ட சைக்கிளை எல்லாம் வாங்கிய நாளிலிருந்து றோட் பைக் விற்கும் கடைகளும் கூடிவிட்டன. விற்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அளக்கத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள் சில்லைத் திருப்பிப் போட்டு அவர்கள் முன்னாலேயே அளந்து காட்டினால், பாதிப்பேர் நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள். மற்றப் பாதிக்கு 1977.

சில்லில்தான் பிழை, கோடும் பெயின்ற் என்று தெளிவானால் சில்லை நடுவுக்கு எடுப்பித்துக்கொண்டு ஓடுங்கள். நூறு கிலோமீற்றர் கழித்து ஒரு தடவை, அதன் பிறகு மாதம் ஒரு தடவை அந்த 7, 7 அப்படியே இருக்கிறதா என்று அளவுங்கள். கம்பனி பிறேமை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டால், பழைய பிறேமிலிருந்து பாகங்களைக் கழற்றிப் பூட்டும் கூலி யார் தலையில் என்பதை முதலே கேளுங்கள். பல வாறன்டிகள் அதைத் தருவதில்லை. புதுப் பிறேம் வந்ததும், ஒரு பாகமும் பூட்ட முன், அதே நூலால் அதையும் அளவுங்கள். வாறன்டி அட்டையில் பழைய இலக்கத்தை வெட்டி, புது இலக்கத்தை எழுதி, கடை முத்திரை குத்துவியுங்கள்.